பெயர் எழுதாத அலமாரி

சீர்காழியிற் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன், 1931-இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்தளித்தார். படிப்பவரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. நூல் இருந்தால் மட்டும் போதாது. அது எத்துறையைச் சேர்ந்தது என்பதும் பார்த்த அளவிலே தெரிதல் வேண்டும். இவ்விதி வலைத்தளத்திற்கும் பொருந்தும்.

நண்பர்களே! நம் மன்ற மலர்களில் வெளிவந்த நூல் மதிப்புரைகளை வேர்ட்பிரஸ் தளமொன்றில் ஏற்றுவதாகக் கொள்வோம். 2010-இல் வெளிவந்த 3.0 பதிப்பிலிருந்து, நமக்கு வேண்டிய பதிவு வகைகளை நாமே எளிதில் அமைத்துக்கொள்ள முடிகிறது. ஆகவே ‘நூல்’ என்றொரு பதிவு வகையையும், அதற்குரிய ‘துறை’ என்றொரு வகைப்பாட்டையும் அமைக்கிறோம். இலக்கியம், வரலாறு, அறிவியல் என்பன துறையின் உறுப்புகள்.

இடர் எங்கே?

வார்ப்புருவில் ‘தி கேட்டகரி’ என்னும் கட்டளையை எழுதிவிட்டுத் துறைப்பெயர் தோன்றுமென்று காத்திருப்பவர் பலர். ஒன்றும் தோன்றாது, பிழைச்செய்தியும் வராது. காரணம் யாது? அக்கட்டளை வேர்ட்பிரஸ் தன்னுடன் கொண்டுவந்த ‘கேட்டகரி’ என்னும் வகைப்பாட்டை மட்டுமே அறியும். நாம் அமைத்த ‘துறை’ வேறொரு வகைப்பாடு. பக்கத்து அலமாரியில் தேடினால் நம் நூல் எவ்வாறு கிடைக்கும்?

செய்முறை

இதற்குரிய கட்டளை ‘கெட் தி டெர்ம்ஸ்’ என்பது. (எழுதும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கிடையே அடிக்கோடிட்டு எழுதுக.) அதற்கு இரண்டு செய்திகளைத் தரவேண்டும்: பதிவின் எண், வகைப்பாட்டின் உட்பெயர். அப்பதிவுக்குரிய உறுப்புகளை அது வரிசையாகத் தரும்.

வரிசையை உடனே அச்சிட முனைதல் தவறு. பதிவுக்குத் துறை ஏதும் குறிக்கப்படவில்லையெனில் ‘ஃபால்ஸ்’ என்னும் விடை வரும். உட்பெயரைப் பிழைபட எழுதியிருந்தால் பிழைப்பொருள் ஒன்று வரும். ஆதலின், விடை வெறுமையன்று, பிழையுமன்று என்று ‘இஃப்’ கொண்டு முதலில் சோதிக்க வேண்டும். பிழையைக் கண்டறிய ‘இஸ் டபிள்யூ.பி. எரர்’ என்னும் கட்டளை உண்டு.

பின்னர் ‘ஃபார்ஈச்’ என்னும் சுழற்சியால் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் ‘நேம்’ என்னும் பகுதியை அச்சிடுக. அத்துறையின் பக்கத்துக்கு இணைப்பும் வேண்டுமாயின் ‘கெட் டெர்ம் லிங்க்’ முகவரியைத் தரும். பெயரை ‘எஸ்க் எச்.டி.எம்.எல்.’ வழியாகவும், முகவரியை ‘எஸ்க் யூ.ஆர்.எல்.’ வழியாகவும் வெளியிடுதல் பாதுகாப்பான முறை.

எங்கே எழுதுவது?

தனி மதிப்புரைக்கு ‘சிங்கிள்’ என்று தொடங்கி, சிறுகோடிட்டுப் பதிவு வகையின் உட்பெயரைச் சேர்த்த கோப்பு உரியது. ஒரு துறையின் நூல்களனைத்தையும் காட்டும் பக்கத்துக்கு ‘டாக்ஸானமி’ என்று தொடங்கி வகைப்பாட்டின் உட்பெயரைச் சேர்த்த கோப்பு உரியது. இப்பக்கத்தின் தலைப்பில் துறைப்பெயரைக் காட்ட ‘சிங்கிள் டெர்ம் டைட்டில்’ ஒன்றே போதும்.

தமிழுக்குரிய எச்சரிக்கை

ஒவ்வோர் உறுப்புக்கும் ‘நேம்’ என்னும் பெயரோடு ‘ஸ்லக்’ என்னும் முகவரிப்பெயரும் உண்டு. பெயரைத் தமிழில் இட்டு மற்றதை விட்டுவிட்டால், முகவரிப்பெயரும் தமிழிலேயே அமையும். ஆனால் அது குறியீடாக மாற்றியே சேமிக்கப்படும். யூனிகோடில் தமிழ்க் குறி ஒன்று யூ.டி.எஃப்-8 முறையில் 3 பைட்டு. ஒவ்வொரு பைட்டும் முகவரியில் 3 எழுத்தாகிறது. ஆகக் குறி ஒன்றுக்கு 9 எழுத்து. ‘இலக்கியம்’ நமக்கு ஆறெழுத்துச் சொல்; புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் கணிப்பொறிக்கு 9 குறி, முகவரியில் 81 எழுத்து. அங்கே இடமோ 200 எழுத்துக்குத்தான். சுமார் 22 குறிக்கு மேற்பட்ட பெயர் நடுவே வெட்டுண்டு போகும்.

எனவே பெயரைத் தமிழில் முழுமையாக எழுதுக. முகவரிப்பெயரை மட்டும் சுருக்கமாக நாமே கொடுத்துவிடுக. படிப்பவர் காண்பது பெயரையே.

தமிழ்நாட்டுக்கு வெளியே பயிலும் நமக்கு மன்றத்தின் பழைய மலர்களே அருகிலுள்ள தமிழ் நூலகம். அவற்றை வலையில் ஏற்றுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அடுத்து வரும் மாணவன் வரலாற்றைத் தேடும்போது வரலாறு அவன் கைக்கு எட்ட வேண்டும். அதற்குப் பத்து வரி நிரல் போதுமென்றால், அவ்வுழைப்பை நாம் மறுக்கலாமா?