முதல் ஏழு நாள்

கறிக்கோழிக் குஞ்சுகள் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வருகின்றன. பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருக்கும். ஒரு குஞ்சின் எடை சுமார் 40 கிராம். ஆறு வாரத்தில் அது 2 கிலோ ஆகும். ஆனால் முதல் ஏழு நாளைத் தாண்ட வேண்டும். குஞ்சு செத்தால் போட்ட பணமும் போகும்.

சூடு

தாய்க்கோழியின் சிறகுச் சூடு இந்தக் குஞ்சுகளுக்கு இல்லை. விளக்குதான் தாய். குஞ்சு வரும் முன்பே தரையில் உமி பரப்ப வேண்டும். சுற்றிலும் வட்டமாகத் தகடு வைக்க வேண்டும். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே குவிந்து நசுங்கும். 50 குஞ்சுக்கு ஒரு 100 வாட் குண்டு பல்பு போதும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும். போதிய சூடு தராது.

சூடு போதுமா? குஞ்சுகளைப் பார்த்தாலே தெரியும். விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர்கிறது. விளக்கைத் தாழ்த்த வேண்டும். ஓரத்துக்கு ஓடி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். விளக்கை உயர்த்த வேண்டும். எங்கும் பரவித் திரிந்தால் சூடு சரி.

தண்ணீர்

முதலில் தண்ணீர், பிறகுதான் தீவனம். காய்ச்சி ஆற்றிய தண்ணீரில் சிறிது வெல்லம் கரைக்கலாம். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் அதில் நனைத்து விட வேண்டும். இரவில் கழுத்தடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரைப்பை காலியாக இருந்தால் அது தின்னாத குஞ்சு.

நோஞ்சான் குஞ்சு

நோஞ்சான் குஞ்சு கண்ணை மூடி ஒதுங்கி நிற்கும். இறக்கை தொங்கும். மற்றவை அதை மிதிக்கும். அதைத் தனிப் பெட்டியில் விளக்கடியில் வைக்க வேண்டும். வெல்லத் தண்ணீரை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். பின்புறம் எச்சம் ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும்.

நோய்

வெள்ளைக் கழிச்சலுக்கு 5 முதல் 7 நாளுக்குள் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். மழைக்காலத்தில் ஈர உமியை உடனே மாற்ற வேண்டும்.

ஒரே நாளில் பல குஞ்சுகள் செத்தால் அது நோஞ்சான் சாவு அல்ல. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. லட்சக்கணக்கான கோழிகளை அழிக்க நேர்ந்தது. எனவே செத்த குஞ்சைச் சாக்கடையில் போடக் கூடாது. வெறும் கையால் தொடக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

மும்பையில் இருப்பவர்கள் கோரேகாவ் ஆரே காலனியில் உள்ள மத்திய அரசின் கோழி வளர்ச்சி நிறுவனத்தில் பயிற்சி பற்றிக் கேட்கலாம்.

படித்துப் பதில் சொல்க

1. குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் என்ன செய்ய வேண்டும்?
2. நோஞ்சான் குஞ்சின் வாயில் தண்ணீரை ஏன் ஊற்றக் கூடாது?