மின்தடையும் மின்திறனும்

மின்சாரமின்றி ஒரு நாளைக் கழித்தல் அரிது என்னும் காலத்தில் வாழ்கின்றோம். ஆயினும், நம் இல்லங்களில் ஓடும் மின்சாரத்தைக் கணக்கிட்டு அறிவோர் சிலரே. பள்ளியில் பயின்ற இரண்டு சிறு வாய்பாடுகளே அதற்குப் போதும். அவை தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல் நம் வீட்டையும் காக்க வல்லவை என்பதை ஈண்டுக் காண்போம்.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன் என்னும் நான்கு கலைச்சொற்களும் தம் பொருளைத் தாமே உரைப்பன. அழுத்தம் உந்துகிறது, ஓட்டம் செல்கிறது, தடை மறிக்கிறது, திறன், பணி நிகழும் வீதத்தைக் காட்டுகிறது. இவற்றின் அலகுகள் முறையே வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் என்பனவாம்.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789-இல் பிறந்த ஜார்ஜ் சைமன் ஓம், பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மைந்தர். தந்தையே அவருக்குக் கணிதம் கற்பித்தார். வெப்பநிலை மாறாதவிடத்து, கம்பியில் ஓடும் மின்னோட்டம் மின்னழுத்தத்திற்கு நேர் விகிதத்தில் அமையும் என்னும் உண்மையை ஓம் 1827-இல் நூலாக வெளியிட்டார். தாயகம் அதனைப் போற்றத் தயங்கியது. இலண்டன் அரசக் கழகமோ 1841-இல் காப்ளி பதக்கம் அளித்து அவரைச் சிறப்பித்தது.

அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். பெருக்கினால் திறன் கிடைக்கும். இவ்வளவே கணக்கு. 230 வோல்ட் அழுத்தத்தில் ஓர் இஸ்திரிப் பெட்டி 4.6 ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்கிறது எனக் கொள்வோம். அதன் தடை 50 ஓம். திறன் 1058 வாட். மாலையில் அழுத்தம் 200 வோல்ட்டாகக் குறைந்தால் ஓட்டம் 4 ஆம்பியராகும்; திறன் 800 வாட்டாகும். அழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைய, திறனோ நான்கில் ஒரு பங்களவு குறைந்துவிடுகிறது. (மின்விசிறி, மோட்டார் ஆகியவற்றின் திறனை அறியத் திறன் காரணி என்னும் எண்ணாலும் பெருக்குதல் வேண்டும்.)

இனி, நாம் அஞ்ச வேண்டிய இடத்திற்கு வருவோம். அதே பெட்டியின் பிளக் தளர்ந்து, அவ்விடத்தில் 1 ஓம் தடை தோன்றியதாகக் கொள்வோம். 230 வோல்ட்டில் மொத்தத் தடை 51 ஓம். ஓட்டம் ஏறத்தாழ 4.5 ஆம்பியர். அந்த ஓட்டம் 1 ஓம் தடையைக் கடக்க ஏறத்தாழ 4.5 வோல்ட் செலவாகிறது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 20 வாட். வானொலி பழுதுபார்ப்போர் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சிறு கருவியின் திறன் 25 வாட்டே என்பதை எண்ணிப் பார்த்தால், பிளக் ஏன் கருகுகிறது என்பது விளங்கும்.

ஃபியூஸ் நம்மைக் காவாதோ எனின், காவாது. ஓட்டம் மிகும்போதுதான் ஃபியூஸ் உருகும். இங்கோ ஓட்டம் சற்றே குறைந்துள்ளது. ஆதலின் ஃபியூஸ் வாளாவிருக்கும், பிளக் எரியும்.

எனவே, சூடேறும் பிளக்கையும் கருகிய நாற்றத்தையும் அற்பமெனத் தள்ளுதல் கூடாது. உடனே மின்சாரத்தை நிறுத்தித் தேர்ந்த மின்பணியாளரை அழைத்தல் வேண்டும். மாணவர்கள் இக்கணக்கைத் தம் வீட்டாருக்கும் எடுத்துரைப்பாராயின், கற்ற கல்வி பயன் தரும்.