கணினி முன் சரியாக அமர்வோம்

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஆறாம் வகுப்பு மாணவரும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் ஒரே மேசையில் அமர்கின்றனர். மேசையின் உயரம் மாறுவதில்லை. சிறியவர்களின் கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றன; உயரமானவர்கள் கூன் போட்டுத் திரையைப் பார்க்கின்றனர்.

திருப்பூர் வட்டாரத்தில் படித்து முடிப்பவர்கள் பலர் பின்னலாடைத் துறைக்குச் செல்கின்றனர். பேட்டர்ன் வரைவதும், மெர்ச்சண்டைசரின் கடிதப் போக்குவரத்தும், கணக்கும் இன்று கணினியில்தான். நாள் முழுதும் அமர்ந்து செய்யும் வேலைக்கான பழக்கத்தைப் பள்ளியிலேயே உருவாக்குவது நம் பொறுப்பு.

கற்றல் நோக்கம்

தம் உடல் அளவுக்கு ஏற்ப இருக்கை, திரை, விசைப்பலகை ஆகியவற்றை மாணவர் தாமே சரிசெய்தல்.

செயல்பாடு: இருவர் செக்கிங்

மாணவர்களை இருவர் இருவராகப் பிரிக்கவும். ஒருவர் அமர, மற்றவர் பக்கவாட்டில் நின்று பாதத்திலிருந்து மேல்நோக்கிச் சரிபார்க்கட்டும்.

1. பாதம்: தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். எட்டாவிட்டால் பலகையோ செங்கல்லோ வைக்கலாம்.

2. முதுகு: நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். இடுப்புக்குப் பின் இடைவெளி இருந்தால் பனியன் துணியை மடித்து வைக்கலாம்.

3. கை: தோள் தளர்ந்தும், முழங்கை ஏறக்குறைய செங்கோணத்திலும், மணிக்கட்டு மடங்காமலும் இருக்க வேண்டும். மேசை உயரமாக இருந்தால் இருக்கையில் மெத்தை போடலாம். அப்போது கால் தரையை விட்டு எழும். எனவே முதல் படியை மீண்டும் பார்க்க வேண்டும்.

4. திரை: கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ அமையட்டும்.

5. வெளிச்சம்: திரையை அணைத்துப் பாருங்கள். கறுப்புத் திரையில் சன்னலோ விளக்கோ தெரிந்தால் கண் கூசும். சன்னல் பக்கவாட்டில் வருமாறு திரையைத் திருப்பவும்.

கண்ணுக்கு ஓய்வு

திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது, கண் உலர்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 விநாடி பார்க்கச் சொல்லவும். வளாகத்து மரமே போதும். பாடவேளையின் நடுவில் ஒருமுறை எழுந்து நிற்கவும் செய்யலாம்.

மடிக்கணினியில்

இதில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். நெடுநேரம் பதிவேற்றப் பணி செய்யும் ஆசிரியர்கள், மடிக்கணினியைப் புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகையை இணைத்துக்கொள்வது நல்லது.

மதிப்பீடு

ஓவர்லாக், பேட்லாக் எந்திரத்தில் அமர்ந்து தைப்பவர்கள் மாணவர்களின் வீட்டிலோ தெருவிலோ இருப்பார்கள். மாலையில் எங்கே வலிக்கிறது, இருக்கைக்குச் சாய்மானம் உண்டா, குனிந்து தைக்க வேண்டியிருக்கிறதா என்று கேட்டு எழுதி வரச் சொல்லவும். அதே ஐந்து படிகளில் எவை அங்கும் பொருந்தும் என்பதை வகுப்பில் கலந்துரையாடலாம். ஒரு மாணவர் தம் அம்மாவின் முக்காலிக்கு உயரம் கூட்டித் தந்தாலே இப்பாடம் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.