நாலு வாரம் இருக்கு! அம்மாவும் உட்கார்ந்து சாப்பிடும் கிறிஸ்துமஸ்



கிறிஸ்துமஸ் என்றதும் நமக்கு ஸ்டார், குடில், கேக், புதுத்துணி ஞாபகம் வரும். அம்மாவைக் கேட்டால் வேற பட்டியல் சொல்வாங்க. மாவு அரைக்கணும், முறுக்கு சுடணும், வீடு கழுவணும், டெய்லர்கிட்ட துணி வாங்கணும். இவ்வளவும் டிசம்பர் 24 ஒரே நாளில்! ராத்திரி கோயிலுக்குப் போய்ட்டு வந்து, விடிஞ்சதும் மறுபடி பிரியாணி அடுப்பு. எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் அவங்களுக்குச் சாப்பாடு. அப்புறம் அது யாருக்குப் பண்டிகை?

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பது பழமொழி. நம்ம படப்பைப் பக்கத்துக்கு இது நேராகவே பொருந்தும். 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அரையாண்டுத் தேர்வே 2016 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஆக, நம்ம ஊர் டிசம்பரில் மழை உண்டு, நமக்குப் பரீட்சை உண்டு, ஒரகடம் கம்பெனிக்குப் போகிற பெற்றோருக்கு ஷிப்டும் உண்டு. கடைசி நாளை நம்பி எதையும் வைக்கக் கூடாது.

காத்திருக்கவும் ஒரு காலம்

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் நாலு ஞாயிறுகள் அடங்கிய காலத்துக்குத் திருவருகைக் காலம் என்று பெயர். அட்வென்ட் என்றும் சொல்வார்கள். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறு அன்று இது தொடங்கும். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்பவர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தினார். "கிறிஸ்துமஸ் எப்ப வரும்?" என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்களாம். அதனால் 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு 4 பெரிய மெழுகுவர்த்தி, மற்ற நாட்களுக்கு 20 சின்ன மெழுகுவர்த்தி வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். 20+4=24. நாளை எண்ணுவதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது. நாம் வேலையை எண்ணலாமே!

முதல் பாடம்: மூன்று கட்டம்

ஒரு நோட்டுத் தாளில் மூன்று கட்டம் போடுங்க. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து வேலைகளைப் பிரித்து எழுதுங்க.

1. கெடாதது: ஒட்டடை அடிப்பது, துணி தைக்கக் கொடுப்பது, அரிசி மாவு அரைப்பது, டின் கழுவிக் காய வைப்பது. இதை முதல் வாரமே முடிக்கலாம்.

2. கெடுவது: கறி, தயிர், பூ, தேங்காய்ப்பால். கடைசியில்தான் வாங்க முடியும். ஆனால் யார் வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்று முன்னாடியே எழுதி வைக்கலாம்.

3. விட்டுவிடக் கூடியது: இதுதான் முக்கியமான கட்டம். ஏழு வகைப் பலகாரம் அவசியமா? மூன்று போதும் என்றால் நாலை அடித்துவிடுங்க. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வேலையைக் குறைப்பது சோம்பேறித்தனம் இல்லை. லண்டனில் ஹென்றி கோல் என்பவர் வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லாமல், 1843-இல் வாழ்த்தை அட்டையில் அச்சடித்தார். கிறிஸ்துமஸ் கார்டு பிறந்த கதையே அதுதான்!

இரண்டாம் பாடம்: வாரக் கணக்கு

முதல் வாரம்: பரீட்சை தொடங்குவதற்கு முன் பெரிய வேலை. வெயில் வந்த அன்றே அரிசியைக் கழுவி உலர்த்தி மில்லுக்குக் கொண்டு போயிடணும். 23-ஆம் தேதி போனால் மில்லில் கூட்டம், கரண்ட் கட் ஆனால் இன்னும் திண்டாட்டம். ஸ்டாருக்கான ஒயர், சீரியல் லைட்டைப் பெரியவர்களை வைத்துச் சோதித்துக்கணும். மழை படும் இடத்தில் ஒயர் ஜாயிண்ட் வேண்டவே வேண்டாம்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: படிப்புதான் முதல் வேலை. படித்துக் களைத்தால் அரை மணி நேரத்துக்கு ஒரு சின்ன வேலை. முந்திரி உடைக்கலாம், பேப்பரில் தோரணம் வெட்டலாம்.

நாலாம் வாரம்: ஞாயிறு அன்று முறுக்கு, கல்கல். கல்கல் மாவைப் புதுச் சீப்பின் மேல் வைத்துச் சுருட்டுவது நம்ம வேலை, எண்ணெய்ச் சட்டி பெரியவர்கள் வேலை. 22, 23-இல் கேக். பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் முந்தின ராத்திரியே ஊறப் போடணும். ஓவன் இல்லாத வீட்டில் கேஸ்கட்டும் விசிலும் எடுத்துவிட்டு, குக்கருக்குள் மணல் பரப்பிச் சுடுவார்கள்.

மூன்றாம் பாடம்: கொஞ்சம் அறிவியல்

முறுக்கு ஏன் பல நாள் தாங்குகிறது? எண்ணெயில் வேகும்போது அதில் உள்ள நீர் ஆவியாகிவிடுகிறது. நீர் இல்லாத இடத்தில் பூஞ்சை வளராது. ஆனால் மழைக்காலக் காற்றில் ஈரம் அதிகம், திறந்து வைத்தால் முறுக்கு நமத்துப் போகும். நன்றாக ஆறிய பிறகே டின்னில் போட்டு இறுக மூடணும். சூட்டோடு போட்டால் ஆவி உள்ளேயே நீராக மாறிவிடும்.

அதிரச மாவு நேர் எதிர். வெல்லப்பாகில் கிளறி இரண்டு நாள் வைத்தால்தான் பதம் வரும். ஆக அது முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலை!

குடிலுக்குப் பச்சைப் புல் வேண்டுமா? டிசம்பர் 14 வாக்கில் கேழ்வரகை ஒரு ராத்திரி ஊற வைத்து, கொட்டாங்குச்சியில் மண் போட்டுத் தூவி, தினமும் தண்ணீர் தெளிங்க. 24-க்குள் பசேல் என்று நிற்கும். அம்மன் கோயில் முளைப்பாரியும் இதே பாடம்தான். முளைப்பாரியை இருட்டில் வளர்ப்பதால் வெளிர் மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டால்தான் பச்சையம் உண்டாகும். அதனால் நம்ம கொட்டாங்குச்சியை ஜன்னல் ஓரம் வைக்கணும்.

நாலாம் பாடம்: ஒரு கணக்கு

அரை மணி நேர வேலைகள் 12 என்று வைப்போம். ஒருவரே செய்தால் 6 மணி நேரம். 24-ஆம் தேதி அம்மா நின்றுகொண்டே செய்வது இதைத்தான். வீட்டில் நாலு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 3 வேலை, ஒன்றரை மணி நேரம். அதையும் நாலு வாரத்தில் பரப்பினால் வாரத்துக்கு ஒன்றுகூட வராது! ஊர் கூடித் தேர் இழுப்பது என்றால் இதுதான். "அம்மாவுக்கு உதவி" என்று சொல்லக் கூடாது. அது நம்ம வீட்டு வேலை, நம்ம பங்கு. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அந்தத் தாளில் பெயர் இருக்கணும்.

தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நமக்குத் தட்டு கொடுத்த வீடுகளின் பெயரையும் எழுதி வைங்க. சைவம் சாப்பிடுகிற வீட்டுக்கு முட்டை சேர்த்த கேக், அச்சு முறுக்கு போகக் கூடாது. அதைத் தனி டின்னில் போட்டுப் பெயர் ஒட்டுங்க.

கிறிஸ்துமஸ் கொண்டாடாத நண்பர்களே, உங்களுக்கும் அடுத்த மாதமே பொங்கல் வருது. இதே மூன்று கட்டம் அதுக்கும் ஆகும்.

செய்து பாருங்க: இன்றைக்கே தாளில் மூன்று கட்டம் போட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டுங்க. கடைசி வரியில், "25-ஆம் தேதி மதியம் பரிமாறுவது யார்?" என்று எழுதி, அம்மா பெயரைத் தவிர வேறு ஒரு பெயரை நிரப்புங்க.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்! பரீட்சையும் நல்லா எழுதுங்க!