பழைய பிளேஸ்டேஷனுக்கு மோட்சிப் வைக்கும் முன்

பொன்முடி அடிவாரத்து விதுராவில் மழைக்காலத்து ஈரம் மின்சுற்றுப் பலகைக்குள்ளும் புகும். 1994-இல் ஜப்பானில் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷன் உங்கள் வீட்டிலும் இருந்தால், திறந்ததும் பச்சை படிந்த இணைப்புகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பற்றவைப்பு அதன் பிறகுதான்.

சிப்பை முதலில் வாங்காதீர்கள். பலகையில் அச்சிட்ட எண்ணைப் (பியூ-8, பியூ-18 போல) பார்த்து, அதற்கான கம்பி வரைபடத்தைத் தேடிய பின் வாங்குங்கள். ஒவ்வொரு பலகைக்கும் இணைப்பிடம் மாறும். அசல் வட்டில் மட்டுமே பதிந்திருக்கும், இயந்திரம் தேடும் பிராந்தியக் குறியை மோட்சிப் தானே அனுப்புகிறது. பழைய சிப்கள் அதை இடைவிடாமல் அனுப்பியதால், பிற்காலத்து ஆட்டங்கள் சில கண்டுபிடித்து நின்றுவிடும். தொடக்கத்தில் மட்டும் அனுப்பும் 'ஸ்டெல்த்' வகையே நல்லது.

மோட்சிப்பாகப் பயன்படும் மைக்ரோகண்ட்ரோலரில் நீங்களே நிரல் ஏற்றினால், கவனம் வேண்டியது இங்கேதான். பிஐசி12சி508-இன் சாதாரண வகையில் ஒருமுறைதான் எழுதலாம். பிஐசி12எஃப்629-ஐ மீண்டும் எழுதலாம். ஆனால் அழிக்கும் முன் அதன் கடைசி நினைவிடத்திலுள்ள அலைவெண் திருத்த மதிப்பைப் படித்துக் குறித்து வையுங்கள். அது போனால் சிப்பின் நேரக்கணக்கே பிசகும். ஏடிடைனி85 என்றால், புதிதாக வரும்போது 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். நிரல் 8 கேட்டால் அதன் ஃபியூஸ் அமைப்பை மாற்றுங்கள்.

ஜப்பானிய இயந்திரம் 100 வோல்ட்டுக்கானது. நம் 230-இல் நேரே செருகினால் கருகிவிடும். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடிக்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

சொந்தமாக வாங்கிய வட்டுகளோடு நில்லுங்கள். உரிமை மீறும் நோக்கில் இதுபோன்ற தொழில்நுட்பப் பூட்டை உடைப்பது, 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவின்படி குற்றம்.