பட்டையும் பையும்

மணிக்கு 54 கிலோமீட்டர் என்பது ஒரு காருக்குப் பெரிய வேகமன்று. வினாடிக் கணக்கில் சொன்னால் 15 மீட்டர். இதே வேகத்துடன் தரையில் வந்து விழ வேண்டுமானால், ஒரு பொருள் எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 11.5 மீட்டர் என விடை வரும். மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சி அது! அங்கிருந்து எட்டிப் பார்க்கவே அஞ்சும் நாம், காருக்குள் அதே வேகத்தில் கவலையின்றி அமர்ந்திருக்கிறோம்.

அந்தக் கார் எதிலாவது மோதித் திடீரென நின்றால் நம்மைக் காக்க இரண்டு சாதனங்கள் உள்ளன. ஒன்று, சீட் பெல்ட் எனப்படும் இருக்கைப் பட்டை. மற்றொன்று, ஏர்பேக் எனப்படும் காற்றுப்பை. "பை இருக்கிறதே, பட்டை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்விக்கு இயற்பியலே விடை சொல்கிறது.

நிற்கும் தொலைவு

கட்டட வேலை நடக்குமிடத்தில், ஒருவர் வீசும் செங்கல்லை இன்னொருவர் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல் கையில் பட்டதும், அது செல்லும் திசையிலேயே கையையும் சற்றுத் தூரம் கொண்டு செல்வார். கையை அசைக்காமல் நீட்டி நின்றால் உள்ளங்கை கன்றிவிடும். நிற்கும் தொலைவு கூடினால் தாக்கும் விசை குறையும். விபத்துப் பாதுகாப்பு முழுவதும் இந்த ஒரே கருத்தின் மேல் அமைந்ததுதான்.

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர், வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செல்லும் காரில் இருக்கிறார் எனக் கொள்வோம். கார் சுவரில் மோதுகிறது. அதன் முன்பகுதி நசுங்குவதால் கார் 60 செ.மீ. தொலைவில் நிற்கிறது. முன்பகுதி இவ்வாறு நசுங்க வேண்டும் என்றே அமைக்கப்படுகிறது.

பட்டை அணிந்திருந்தால் அவர் காருடன் பிணைக்கப்பட்டிருப்பார். காரின் 60 செ.மீ., பட்டை இளகித் தரும் 15 செ.மீ. ஆகிய இரண்டும் சேர்ந்து 75 செ.மீ. தொலைவில் அவர் நிற்பார். வேகத்தின் வர்க்கத்தை (225) இத்தொலைவின் இருமடங்கால் (1.5) வகுத்தால், எதிர்முடுக்கம் 150 எனக் கிடைக்கும். இது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 15 மடங்கு. அவர்மீது செயல்படும் விசை 9,000 நியூட்டன். கடுமையானதுதான், ஆயினும் உடல் தாங்கக்கூடியது.

பட்டை அணியாவிட்டால்? நியூட்டனின் முதல் விதிப்படி, கார் நின்றாலும் அவர் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்வார். கணக்கின் எளிமைக்காக, கார் நின்ற பிறகே அவர் முன்பலகையில் மோதி, 10 செ.மீ. தொலைவில் நிற்கிறார் எனக் கொள்வோம். எதிர்முடுக்கம் 1,125, விசை 67,500 நியூட்டன். முன்னதைப்போல் ஏழரை மடங்கு!

பட்டையின் பணி

இன்று நாம் காணும் மூன்று முனைப் பட்டையை 1959-இல் சுவீடனின் வோல்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் உருவாக்கினார். ஒரு பகுதி மார்பின் குறுக்காகவும், மறு பகுதி இடுப்பின் மேலும் செல்லும். தோள், மார்பு, இடுப்பு ஆகியவற்றின் வலுவான எலும்புகளே விசையை ஏற்கின்றன. மென்மையான வயிற்றின் மேல் பட்டை ஏறிவிடக் கூடாது.

மோதியவுடன், சிறு வெடிமருந்தின் உதவியால் ஒரு கருவி பட்டையைச் சட்டென்று உள்ளிழுத்துத் தொய்வை நீக்கும். பிறகு விசை அளவு மீறினால், மற்றோர் அமைப்பு பட்டையைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும்.

ஆனால் பட்டைக்கு ஒரு குறை உண்டு. அது உடலைப் பிடிக்கும், தலையைப் பிடிக்காது. தலை முன்னோக்கி வீசப்பட்டு, ஸ்டியரிங் சக்கரத்தில் மோதக்கூடும். இங்கேதான் பை தேவைப்படுகிறது.

பையின் பணி

முற்காலக் கருவிகளில், ஒரு குழாயின் முனையில் காந்தம் பிடித்திருக்கும் எஃகுக் குண்டு, மோதலின்போது விடுபட்டு ஓடி மின்சுற்றை மூடும். இன்று நுண்ணிய மின்னணுச் சில்லு அப்பணியைச் செய்கிறது.

உடனே பையின் அடியிலுள்ள வேதிப்பொருள் எரிந்து வாயுவை உண்டாக்கும். தொடக்கத்தில் இதற்குச் சோடியம் அசைடு பயன்பட்டது. இதில் 2 மோல், அதாவது 130 கிராம் சிதைந்தால் 3 மோல் நைட்ரஜன் வெளிவரும். அறை வெப்பநிலையில் இது ஏறத்தாழ 72 லிட்டர். ஓட்டுநரின் பை நிறைய இதுவே போதும். உடன் விளையும் சோடியம் உலோகம் ஆபத்தானது. எனவே பொட்டாசியம் நைட்ரேட்டும் சிலிக்காவும் சேர்த்து, அதைக் கண்ணாடி போன்ற பொருளாக மாற்றினர். சோடியம் அசைடு நச்சுப்பொருள் என்பதால், இப்போது பெரும்பாலும் வேறு சேர்மங்கள் பயன்படுகின்றன.

மோதிய நொடியிலிருந்து பை நிறைய ஏறத்தாழ 50 மில்லி வினாடி ஆகும். நாம் கண் இமைக்கும் நேரம் இதைவிட அதிகம். முகமும் மார்பும் பையில் அழுந்தும்போது, அதிலுள்ள துளைகள் வழியே வாயு வெளியேறும். துளைகள் இல்லாவிட்டால், பை கால்பந்துபோல் நம்மைத் திருப்பி எறிந்துவிடும்!

பட்டை இல்லாத பை

நம் கணக்கிலுள்ள கார் 60 செ.மீ. தொலைவில் சீராக நிற்குமானால், பட்டை அணியாதவர் 50 மில்லி வினாடிக்குள் இருக்கையிலிருந்து 23 செ.மீ. முன்னால் நகர்ந்திருப்பார். மோதலுக்கு முன் பிரேக் போட்டிருந்தால் இன்னும் முன்னால் வந்திருப்பார். அதாவது, விரிந்து முடிந்த பையில் அவர் சாயவில்லை. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வெடித்து விரியும் பையே அவரைத் தாக்குகிறது.

இது வெறும் கணக்கன்று. அமெரிக்காவில் 1990 முதல் 2008 வரை, குறைந்த வேக விபத்துகளில் பை விரிந்த தாக்குதலால் மட்டும் 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் என அந்நாட்டு அரசு மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பட்டையே அணியாதவர்கள், அல்லது முறையாக அணியாதவர்கள். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். சிறுவர்கள் பின்னிருக்கையில்தான் அமர வேண்டும் என்பதும், ஓட்டுநரின் மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே 25 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பதும் இதனால்தான்.

1970-களில் அமெரிக்காவில் பலர் பையைப் பட்டைக்கு மாற்றாகவே எண்ணினர். இன்று அந்த எண்ணம் மறைந்துவிட்டது. ஸ்டியரிங்கின் மேல் 'எஸ்.ஆர்.எஸ்.' என்ற எழுத்துகளைக் காணலாம். அவற்றின் முதல் சொல்லுக்குத் 'துணை' என்பதே பொருள். பட்டை முதற்காப்பு; பை அதற்குத் துணை. இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்குப் பை கட்டாயம். ஆனால் பட்டையை நம் கைதான் மாட்ட வேண்டும்.

செய்து பாருங்கள்

1. நின்றிருக்கும் காரில், பெரியவர் ஒருவரின் துணையுடன் பட்டையை மெதுவாக இழுங்கள்; பிறகு வெடுக்கென்று இழுங்கள். என்ன வேறுபாடு? ஏன்?

2. காரின் வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர் ஆகி, நிற்கும் தொலைவு அதே 75 செ.மீ. ஆக இருந்தால், பட்டை அணிந்தவர் மீது செயல்படும் விசை எத்தனை மடங்காகும்? அவ்வேகம் எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்?