பள்ளி வாசலில் வேகத்தடை: பணத்துக்கு எங்கே போவது?

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் பள்ளிக்கூட வாசலிலேயே வண்டிகள் பறக்கின்றன. வேகத்தடை, நடைபாதை கேட்டால் 'நிதி இல்லை' என்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்தச் சாலை யாருடையது என்று விசாரியுங்கள். நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால், பேரூராட்சியில் எத்தனை மனு கொடுத்தாலும் கோப்பு நகராது. பேரூராட்சிச் சாலைதான் என்றால் 'நமக்கு நாமே' திட்டத்தில் கேளுங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர்மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். மூன்று லட்ச ரூபாய் வேலைக்கு ஒரு லட்சம். முன்னாள் மாணவர்களும் கடைவீதிக்காரர்களும் மனது வைத்தால் திரட்டிவிடலாம். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியும் இருக்கிறது, அதற்குத்தான் அடிதடி.

மனுவில் 'விபத்து அதிகம்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். பள்ளி விடும் நேரத்தில் எடுத்த படங்கள், தலைமையாசிரியர் கடிதம், காவல் நிலையத்தில் பதிவான விபத்து விவரம் மூன்றையும் இணையுங்கள்.

இன்னொன்று. பணம் வந்த ஜோரில் சிமென்ட்டைக் கொட்டித் திண்டு கட்டிவிடாதீர்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் நெறிமுறைப்படி மேடு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். வெள்ளைக் கோடும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாவிட்டால், இரவில் வருகிற டூவீலர்காரர் அதிலேயே விழுந்து கிடப்பார்.